கிணற்றில் இறங்கும் ஐந்து எழுத்துகள்

முதலில் அந்தப் பீரோவைத் திறந்து காட்டிவிடுகிறேன். பார்த்ததிலிருந்து யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று மனசு துள்ளிக்கொண்டிருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புக்கும் ஒரே அறை. மூலையில் பெயின்ட் உரிந்த இரும்புப் பீரோ. உள்ளே புத்தகம்தான் இருக்கும் என்று நினைப்போம், இல்லையா? மேல்தட்டில் துணி காயப்போடும் கிளிப்புகள், ஒரு டப்பா நிறைய. பக்கத்தில் புளியங்கொட்டை, பல்லாங்குழிக் கட்டை, ஈரத்துணி சுற்றிய களிமண். நடுத்தட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள், கட்டுக்கட்டாக. கீழே சோடா மூடிகள், சாக்ஸில் கண் தைத்த பொம்மைகள், மணல் நிரப்பிய ஸ்வீட் பெட்டி.

"இங்கிலீஸ் பாடம் பூராவும் இதுக்குள்ளதானுங்க இருக்குது" என்றார் டீச்சர்.

கல்யாணப் பத்திரிகை எதற்கு? அட்டை நல்ல கனம், பின்பக்கம் வெறுமை. வார்த்தை அட்டை செய்ய அதைவிட நல்ல காகிதத்தைக் கடையில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. முன்பக்கம் பிள்ளையார், பின்பக்கம் பூனைக்கான இங்கிலீஷ் சொல். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து வெட்டுகிறார், எழுதுகிறார். ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மறுவாரம் பத்திரிகைகள் இங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. கற்பித்தல் துணைக்கருவிகளை டி.எல்.எம். என்று மூன்று எழுத்தில் சொல்வது ஆசிரியர்கள் வழக்கம். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் எத்தனை ராத்திரிகள் இருக்கின்றன என்று பீரோவைப் பார்த்தால்தான் தெரிகிறது.

கிளிப்பும் புளியங்கொட்டையும் எதற்கு என்று கேட்டேன். பதிலாக என் கையில் ஒரு கிளிப்பைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், தாங்கிப் பிடிக்க நடுவிரல். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்! பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியிலும் ஒரு கொட்டை போடும்போது வேலை செய்வதும் அவைதான். நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து ஆடியது முழுக்கக் கையெழுத்துப் பயிற்சி என்று நினைத்தாலே சிலிர்க்கிறது. இதற்குள் ஓர் உடற்கூறு ரகசியமும் உண்டு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் இறுகும். பட்டாணி போன்ற கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் பக்கம் பக்கமாக எழுதி வா என்று சொல்கிறவர்கள், இன்னும் கட்டி முடியாத மணிக்கட்டிடம்தான் அதைக் கேட்கிறார்கள். அதனால்தான் இங்கே ஒன்றாம் வகுப்பின் முதல் வாரங்களில் களிமண் உருட்டுகிறார்கள், காகிதம் கிழிக்கிறார்கள், கிளிப்பு மாட்டுகிறார்கள். "எழுதவே இல்லையா?" என்று கேட்டு வந்த பெற்றோருக்கும் ஆளுக்கொரு கிளிப்பு கிடைத்ததாம்.

இன்னொரு வித்தை பாருங்கள். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் அடியில் கசக்கிய காகித உருண்டை ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு எழுதச் சொல்கிறார். அந்த இரண்டு விரலும் உருண்டையைக் காவல் காக்கும். மீதி மூன்றும் தானாகப் பென்சிலைச் சரியாகப் பிடித்துவிடும். துண்டுப் பென்சிலை இங்கே யாரும் தூக்கி எறிவதில்லை. சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனிதான் பிடிக்கும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இடது கையால் எழுதுகிறாள். வீட்டில் அமுச்சி (பாட்டி) "சோத்தாங்கையில எழுது" என்று பென்சிலை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் நேரில் போய்ப் பேசி நிறுத்தினார். இப்போது அவளுக்குப் பெஞ்சின் இடது ஓரம் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது, பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் இருக்க. நோட்டையும் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொள்கிறாள். எழுதியதை அவள் கை அழித்துக்கொண்டே போன காலம் முடிந்தது.

சுவரைச் சுற்றி, பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் ஓடும் கரும்பலகையைப் பார்த்திருப்பீர்கள். செயல்வழிக் கற்றல் கொண்டுவந்த சொத்து அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய முறை, 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆளுக்கு ஒரு கட்டம். நின்றபடி, கையை நீட்டி, தோளில் இருந்து எழுதலாம். தோள் பழகினால் முழங்கை பழகும், முழங்கை பழகினால் மணிக்கட்டு. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கிடைத்த மிக நல்ல பொருள்களில் ஒன்று இந்தத் தாழ்ந்த பலகைதான். அந்த முறையின் அட்டைகளும் ஏணிப்படிகளும் போய்விட்ட இடங்களில்கூடப் பலகை நிலைத்து நிற்கிறது.

காற்றில் எழுதுவதும் உண்டு. இங்கேதான் நான் வாயைப் பிளந்தேன். பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு காற்றில் எழுத்துப் போட்டால் எதிரே இருப்பவர்களுக்கு அது இடவலம் மாறித் தெரியும் அல்லவா? அதற்காக டீச்சர் எல்லா எழுத்தையும் கண்ணாடிப் பிம்பமாக எழுதப் பழகியிருக்கிறார்! 26 எழுத்தையும், பெரியது சின்னது இரண்டையும், திருப்பிப்போட்டு, வேகமாக, பாட்டுப் பாடிக்கொண்டே. சர்க்கஸில் காட்டவேண்டிய வித்தை. அவரோ "முதுகைக் காட்டி நின்னா பசங்க மூஞ்சி தெரியாதுங்களே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

இனி நாலு கோட்டு நோட்டு. மேலும் கீழும் சிவப்பு, நடுவே இரண்டு நீலம். பெரியவர்களுக்கு அது நான்கு கோடு. இந்த வகுப்பில் அது மாடி, வீடு, கிணறு. வீட்டை விட்டு நகராத எழுத்துகள் 14. மாடிக்கு ஏறுபவை 7. கிணற்றில் இறங்குபவை 5: ஜி, ஜே, பென்னுக்கு வரும் பி, கியூ, ஒய். மாடி என்றால் கையைத் தூக்கி நுனிக்காலில் எகிற வேண்டும். வீடு என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிணறு என்றால் குந்த வேண்டும். டீச்சர் "டாக்" என்கிறார். எகிறு, நில், குந்து. "ஹேப்பி" என்கிறார். எகிறு, நில், குந்து, குந்து, குந்து! அறையே குலுங்குகிறது. நானும் குந்தினேன், முட்டி கொஞ்சம் முறைத்தது, ஆனாலும் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். இப்படி ஒரு சொல்லின் உருவம் உடம்புக்குள் இறங்கிய பிறகு நோட்டில் ஜி என்ற எழுத்து அந்தரத்தில் தொங்குவதே இல்லை.

பென்னுக்கு வரும் பி என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். தமிழில் ப ஒன்றுதான். பேட்டுக்கும் அதுதான், பென்னுக்கும் அதுதான். ட, க இரண்டும் இப்படியே. அதனால் எழுத்தின் பெயரைச் சொன்னதும் வகுப்பில் ஒரு குரல் கட்டாயம் எழும்: "பேட் பி-ங்களா டீச்சர், பென் பி-ங்களா?" அதற்கு மருந்து ஒரு காகிதத் துண்டு. உதட்டுக்கு நேரே தொங்கவிட்டுப் "பென்" என்று சொன்னால் காகிதம் துள்ள வேண்டும். "பேட்" என்றால் துள்ளக் கூடாது. நம் வாய் ப-வை மூச்சு விடாமல் மென்மையாகச் சொல்லிப் பழகியது, அதனால் முதலில் யாருடைய காகிதமும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் முப்பது காகிதம் படபடக்கிறது. அடுத்து தொண்டையில் கை வைத்து அதிர்வு பார்க்கிறார்கள். பேட்டுக்குக் கிர்ரென்று அதிர்கிறது, பென்னின் அந்த முதல் ஒலிக்கு அமைதி. பிறகு கீழுதட்டைப் பல்லால் தொட்டு "ஃபேன்". தொடாமல் சொன்னவன் தலையில் பக்கத்துப் பையன் பேன் தேடத் தொடங்கிவிட்டான். சிரிப்பு அடங்க நேரமானது.

நம் பிள்ளைகளுக்குக் கைவசம் ஒரு பெரிய பலம் இருப்பதையும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இங்கிலீஷ் எழுத்தின் பெயரைத் தள்ளி வைத்துவிட்டு ஒலியை மட்டும் மெய்யெழுத்தாகக் கொடுத்தால், ப், எ, ட் மூன்றும் ஒட்டிக்கொண்டு "பெட்" ஆகிவிடுகிறது. ஏ, பி, சி, டி என்று வரிசையாகத் தொடங்காமல் எஸ், ஏ, டைகர் டி, பென் பி, ஐ, என் என்ற ஆறில் தொடங்கும் ஒலிமுறை உலகெங்கும் உண்டு. அந்த ஆறு எழுத்து போதும், டஜன் கணக்கில் சொற்களைக் கட்டலாம். தமிழ்ப் பாடத்தில் ட, ப, ம முதலில் வந்து பட்டமும் படமும் கட்டிக் கொடுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இது பழகிய வழிதான்.

அந்தப் "பெட்" இன்னொரு காரியமும் செய்கிறது. பேட் பி-யும் டாக் டி-யும் சின்ன எழுத்தில் ஒன்றுக்கொன்று கண்ணாடி. ஒரு பூனை இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் பூனைதான் என்று மூளை பிறந்ததிலிருந்து கற்று வைத்திருக்கிறது. எழுத்துக்கு வந்தால் மட்டும் அது செல்லாது. பிள்ளை குழம்புவது மூளை நன்றாக வேலை செய்வதால்தான். இரண்டு கையையும் முஷ்டியாக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தி முஷ்டிகளை ஒட்டிவைத்தால் ஒரு கட்டில். இடக்கை பி, வலக்கை டி. இரண்டு ஓரத்திலும் கட்டில்கால். எழுதும் நடுவே ஒரு பயல் பென்சிலைக் கீழே வைத்து, மேசைக்கு அடியில் கட்டில் செய்து பார்த்துவிட்டு, மறுபடி எழுதினான். அவனை அள்ளிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

மணல் பெட்டியை மறந்துவிடவில்லை. சி, ஏ, டாக் டி, ஜி, கியூ, ஓ ஆறும் ஒரே சுழிப்பில் பிறப்பவை. கடிகாரத்தில் மணி இரண்டு இருக்கும் இடத்தில் தொடங்கிப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். அதை விரலால் மணலில் போடுகிறார்கள். இந்த மணலுக்கு ஒரு கதை இருக்கிறது. 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, இதையே இங்கும் செய்யுங்கள் என்று தம் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் முடியாது என்றார்கள். பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான்! பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்பிக்கும் அந்த முறையைப் பெல் 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்று இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது. இங்கிலாந்துப் பிள்ளைகள் இங்கிலீஷ் எழுத்தை மணலில் எழுதிக் கற்றது நம் தெருவைப் பார்த்துத்தான். இதை டீச்சரிடம் சொன்னதும் அவர் ஸ்வீட் பெட்டியைத் தூக்கிப் பிள்ளைகளிடம் காட்டி ஒரு தனி வகுப்பே எடுத்துவிட்டார்.

இரண்டாம் மணிக்கு மேல் எழுத்துகள் எழுந்து நடமாடத் தொடங்குகின்றன. கழுத்தில் அட்டை மாட்டிய மூன்று பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்: கே, ஐ, டைகர் டி. வகுப்பு "கிட்" என்று வாசிக்கிறது. கதவுக்குப் பின்னால் இருந்து காகிதத் தொப்பியும் ஊதுவத்திக் குச்சி மந்திரக்கோலுமாக ஈ வருகிறாள். கடைசியில் நிற்கிறாள், வாயில் விரல், ஒரு சத்தமும் இல்லை. கோலை நீட்டி ஐ-யைத் தொடுகிறாள். ஐ துள்ளிக் குதித்துத் தன் பெயரைத் தானே கத்துகிறான். "கைட்!" என்று வகுப்பு அலறுகிறது. "ஹாப்" இப்படியே "ஹோப்" ஆனது. அடுத்து கத்திக்கான இங்கிலீஷ் சொல். முன்னால் நிற்க வேண்டிய கே, தரையில் நீட்டிப் படுத்துக் குறட்டை விடுகிறான். "கே தூங்குது, எழுப்பாதீங்க." முன்னொரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் அந்த கே-யையும் வாய்விட்டுச் சொன்னார்கள் என்பதுதான் உண்மை. 1476-ல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். எழுத்துக்கூட்டு மெல்ல அச்சில் உறைந்தது, நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போனது. 26 எழுத்துக்கு ஏறத்தாழ 44 ஒலி என்ற தலைவலிக்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகளுக்கு அது தலைவலியாகவே தெரியவில்லை, தூங்குகிற எழுத்தாகத் தெரிகிறது.

மதிய உணவு முடிந்து பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஓடும் நேரம்தான் நிஜமான மேடைப் பின்புறம். மேசையில் நோட்டு மலை. டீச்சர் ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டினார். ஸ்கூல் என்ற சொல்லை ஒரு பையன் ஐ போட்டுத் தொடங்கியிருந்தான். "பாருங்க, இஸ்கூல்னு எழுதியிருக்கான். காதுல கேட்டதை அப்படியே பிடிச்சிட்டானுங்க!" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பள்ளிக்குப் போகாத அமெரிக்கக் குழந்தைகள் தாங்களாக எழுதிய எழுத்துகளைச் சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர் 1971-ல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். டிரக் என்ற சொல்லை அவர்கள் சி, ஹெச், ஆர் போட்டுத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சொல்லின் முதல் ஒலி வாயில் உண்மையிலேயே "ச்" பிறக்கும் இடத்துக்கு அருகேதான் பிறக்கிறது, பெரியவர்கள் காதுதான் அதை மறந்துவிட்டது. டீச்சர் பக்கத்துக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துகிறார், மீதியை விட்டுவிடுகிறார். எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் அடுத்த நாள் அவன் தெரிந்த மூன்று சொல்லுக்குள் ஒளிந்துகொள்வான் என்கிறார். நான் முழு மனசோடு அவர் பக்கம்.

கோணல்மாணலான எழுத்தைப் பற்றியும் அதே பிடிவாதம். "முத்து முத்தா எழுதணும்" என்பது பெற்றோரின் கனவு. அதற்காகப் புள்ளிக் கோட்டின் மேலேயே வருடம் முழுக்க எழுதவைக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் என்பவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைப் பார்த்துத் தாங்களாக எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். தாங்களாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் விழித்தெழுந்தன. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோணலில் வருகிற எழுத்துதான் ஓர் எழுத்தின் சாரத்தை மூளைக்குச் சொல்கிறது என்பது அவர் கருத்து. அதாவது அந்தக் கோணலில்தான் படிப்பே பிறக்கிறது! இதைப் படித்த நாளிலிருந்து சின்னப் பிள்ளைகளின் எழுத்தை என்னால் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. பத்துத் தடவை எழுதிவா என்ற தண்டனையை ஒழித்துவிட்டு, ஒரு தடவை பார், மூடு, நீயாக எழுது என்று சொன்னாலே போதும்.

இந்த அறையில் மூன்று வகுப்பும் கலந்து உட்கார்ந்திருப்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கவலையும் இருந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளை பென்சிலையே பார்த்திருக்கவில்லை. 2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் தொடங்கிவைத்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அப்படி வந்ததுதான். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க, எழுத வேண்டும். 2025-க்குள் அதை எட்ட வேண்டும் என்பது அப்போதைய குறிக்கோள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலை என்று பார்த்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு அரும்பு ஒன்றும் இரண்டாம் வகுப்பு மலர் ஒன்றும் அருகருகே உட்கார்ந்து சோடா மூடி ஜோடி சேர்ப்பதைப் பார்த்தேன். யார் எந்த நிலை என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சும் இல்லை. பதிவேடுகளும் செல்போன் செயலிப் பதிவும் டீச்சரின் நேரத்தைத் தின்கின்றன. அது குறைந்தால் இன்னும் எத்தனை தொப்பி தைப்பார் என்று தோன்றியது.

கடைசிப் பாடவேளை, எனக்கு மிகப் பிடித்தது. நியூசிலாந்தில் மவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு பிள்ளையிடமும் உனக்கு எந்த வார்த்தை வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுப்பாராம். 1963-ல் வந்த அவர் புத்தகம் அதைச் சொல்கிறது. இந்த டீச்சரும் அதையே செய்கிறார். "உனக்கு என்ன வார்த்தை வேணும் கண்ணு?"

"ஜேசிபி!"

எழுதிக் கொடுக்கும் முன்பே அவன் பலகையில் மூன்று எழுத்தையும் போட்டுவிட்டான். மண் அள்ளும் வண்டியின் பக்கவாட்டில் எத்தனை நாள் படித்தானோ. அடுத்தவளுக்கு ஹெலிகாப்டர், இன்னொருவனுக்குப் பரோட்டா. இடது கைக்காரச் சிறுமிக்குத் தன் ஆட்டுக்குட்டிக்கான சொல் வேண்டும், கூடவே "கருப்பு"ம் வேண்டும். அவள் குட்டி கருப்பாம். அதோடு "மை" என்ற சொல்லையும் சேர்த்து அவளே ஒரு வாக்கியம் ஆக்கிக்கொண்டாள். வரியின் முதல் எழுத்து பெரியது, முடிவில் புள்ளி, அத்தனையும் இருந்தது.

பிறகு பின்வரிசையில் இருந்து ஒருவன் ரகசியக் குரலில் "பேய்" என்றான். அறை சட்டென்று விறைத்தது. எனக்கும் வேணும், எனக்கும் வேணும் என்று கைகள் எழுந்தன. டீச்சர் அந்த இங்கிலீஷ் சொல்லைப் பலகையில் எழுதினார். ஜி கிணற்றில் இறங்கியது, அடுத்து ஹெச் மாடி ஏறியது. அந்த ஹெச் கேக்ஸ்டனின் அச்சுக்கூடத்தில் பிளெமிஷ் மொழிப் பழக்கத்தால் உள்ளே நுழைந்தது என்று மொழி வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள், ஒலி ஒலியாக வாசித்துக்கொண்டே வந்த ஒரு சின்னவள் பாதியில் நின்றாள். பலகையை உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், ஹெச் தூங்குதுங்க!"

அவ்வளவுதான். அட்டையை யார் மாட்டிக்கொள்வது என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் ஏழு பேர் தரையில் படுத்துக் குறட்டை விடத் தொடங்கிவிட்டார்கள்.